உறங்க உதவும் வண்ண ஒளிக் கடிகாரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கடிகாரம் என்னதான் செய்கிறது?

படுக்கைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைக்கும் கடிகாரம் இது. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் வேறு, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. உள்ளே பல நிற எல்இடி விளக்குகள் இருக்கும். வைஃபை அல்லது புளூடூத் வழியாக ஃபோனில் உள்ள ஆப்போடு இணைந்திருக்கும். படுக்கும் நேரம் நெருங்கும்போது ஒளி ஆரஞ்சாகி, சிவப்பாகி, மெல்ல அணையும். காலையில் அலாரத்துக்கு 20, 30 நிமிடம் முன்பே அடர்சிவப்பில் தொடங்கி, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று விடியலைப் போல ஏறும். அதோடு ஒலி, நினைவூட்டல், தூக்கத்தைக் கவனிக்கும் சென்சார் என்று மாடலுக்கு மாடல் கூடுதல் வசதிகள் உண்டு.

இரண்டு வேலைகளில் காலை வேலையை இந்தக் கடிகாரம் உருப்படியாகச் செய்யும். இரவு வேலை பெரும்பாலும் அதன் கையில் இல்லை, அறையின் மற்ற விளக்குகள் கையில் இருக்கிறது. வாங்கும் முன் இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

ஒளியின் நிறத்துக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நாம் பார்ப்பதற்கு விழித்திரையில் குச்சிச் செல்களும் கூம்புச் செல்களும் இருக்கின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். ஒளியை உணரும் செல்கள் இந்த இரண்டு வகைதான் என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. 1998-இல் இக்னாசியோ ப்ரொவென்சியோவும் சக ஆய்வாளர்களும் தவளைத் தோலின் நிறமிச் செல்களில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் புரதத்தைக் கண்டார்கள். அதே புரதம் பாலூட்டிகளின் விழித்திரையிலும் இருப்பது பிறகு தெரியவந்தது. குச்சி, கூம்பு இரண்டின் உதவியும் இல்லாமல் தாமாகவே ஒளிக்கு எதிர்வினை செய்யும் செல்கள் விழித்திரையில் இருப்பதை 2002-இல் டேவிட் பெர்சனின் குழு எலிகளில் காட்டியது.

இந்தச் செல்களின் முக்கிய வேலை காட்சியைக் காட்டுவது இல்லை. வெளியே பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதுதான். அந்தச் செய்தி பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு சிறு நரம்புக் கொத்துக்குப் போகிறது. உடலின் மையக் கடிகாரம் அதுதான். இருட்டும்போது, இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும்படி மூளையில் உள்ள பினியல் சுரப்பிக்குச் சொல்வதும், ஒளி பட்டால் நிறுத்தச் சொல்வதும் அதுவே. மெலனாப்சின் சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அதாவது வானத்தின் நீலத்துக்கு, மிக அதிகமாகத் தூண்டப்படுகிறது. 600 நானோமீட்டரைத் தாண்டிய சிவப்புக்கு அது அநேகமாக அசைவதே இல்லை. வண்ண ஒளிக் கடிகாரத்தின் அறிவியல் அடிப்படை இவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. மனித உடலின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமாக ஓடுகிறது. ஒளி அதைத் தினமும் திருத்தி வைக்க வேண்டும். காலை ஒளி அதை முன்னே இழுக்கும், இரவு ஒளி பின்னே தள்ளும். இரவில் வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, காலையில் திரையை இழுத்து மூடித் தூங்கினால் கடிகாரம் நாளுக்கு நாள் பின்னால் போவது இதனால்தான்.

சிவப்பு ஒளி போட்டால் தூக்கம் வருமா?

வராது. விளம்பரங்கள் அதிகம் குழப்புவது இங்கேதான். சிவப்பு ஒளி தூக்கத்தை வரவழைப்பதில்லை. வருகிற தூக்கத்தை மற்ற நிறங்களைவிடக் குறைவாகத் தடுக்கிறது, அவ்வளவே. சிவப்பாக இருந்தாலும் கண் கூசும் அளவுக்கு எரிந்தால் அதுவும் விழிப்பைத்தான் தரும்.

நிறம் என்று கண் பார்ப்பதும், மெலனாப்சின் வாங்கிக்கொள்ளும் அளவும் ஒன்றல்ல. இதைப் பிரித்துச் சோதித்த ஆய்வு ஒன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்து 2023-இல் வெளியானது. மெலனாப்சினைத் தூண்டும் அளவை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, பார்வைக்கு மட்டும் ஒளியை நீலம் பக்கமும் மஞ்சள் பக்கமும் மாற்றிப் பார்த்தார்கள். நிற மாற்றம் மட்டும் மெலடோனினையோ தூக்கத்தையோ மாற்றியதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே ‘எந்த நிறம்’ என்பதோடு சேர்த்து, எவ்வளவு வெளிச்சம், அதில் நீல அலைகள் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

அப்படியானால் இரவுக்கு எந்த நிறத்தை வைக்கலாம்?

சிவப்பு அல்லது அம்பர் எனப்படும் ஆழ்ந்த மஞ்சளாரஞ்சு. இரண்டும் நல்லவை. புத்தகம் படிக்க அம்பர் வசதி, சும்மா படுத்திருக்கச் சிவப்பு போதும்.

பச்சையைப் பலரும் சாந்தமான நிறம் என்று வைக்கிறார்கள். எல்இடி பச்சை சுமார் 520, 530 நானோமீட்டர், 480-க்கு அவ்வளவு தூரமில்லை. மெலனாப்சின் அதைக் கணிசமாகவே உணரும். ஊதாவும் இளஞ்சிவப்பும் பார்க்கக் கதகதப்பாக இருந்தாலும், அவற்றைச் சிவப்போடு நீலம் கலந்தே உருவாக்குகிறார்கள். நீலம்தான் எல்லாவற்றிலும் மோசம். அதில் ஒரு சூட்சுமமும் உண்டு: வெளிச்சத்தின் அளவை நம் கண் பச்சை, மஞ்சளை வைத்தே அதிகம் எடைபோடுகிறது, நீலத்தைக் குறைத்து மதிப்பிடுகிறது. கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நீல ஒளி, அதே அளவு மங்கலான ஆரஞ்சைவிடப் பல மடங்கு மெலனாப்சினைத் தூண்டும். ‘மங்கலாகத்தானே வைத்திருக்கிறேன்’ என்ற சமாதானம் நீலத்துக்குச் செல்லாது.

அடுத்து, ‘வார்ம் ஒயிட்’, அதாவது மஞ்சள் சாய்ந்த வெள்ளை. வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல எல்இடி சில்லின்மேல் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசிச் செய்யப்படுவது. வெள்ளையின் சாயலைக் கெல்வின் எண்ணால் குறிப்பார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் பக்கம் சாயும். 2700 கெல்வின் விளக்கில் நீலத்தின் பங்கு குறையும், போய்விடாது. நீலம் சாய்ந்த 6500 கெல்வினோடு ஒப்பிட்டால், அதே லக்ஸ் (மேலே விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் தோராயமாகப் பாதி.

என் கடிகாரத்தின் ஒளியில் நீலம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். பழைய சிடி ஒன்று இருந்தால் போதும். அறை விளக்குகளை எல்லாம் அணையுங்கள், கடிகாரத்தை மட்டும் எரியவிடுங்கள். சிடியின் பளபளப்பான பக்கத்தை அதன் பக்கம் காட்டி, மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு கோணத்தில் ஒளி நிறங்களாகப் பிரிந்து வளைவுகளாகத் தெரியும். வெள்ளையில் நீல வளைவு பளிச்சென்று இருக்கும். நல்ல அம்பரில் மஞ்சளும் சிவப்பும், அல்லது சிவப்பும் பச்சையும் மட்டும் தெரிந்து, நீலம் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருக்கும். ஆப்பில் ‘சூரிய அஸ்தமனம்’ என்று பெயர் வைத்த நிறத்தைப் போட்டுப் பாருங்கள். அதில் நீலக் கீற்று தெரிந்தால் அந்த நிறத்தை விட்டு வேறு எடுங்கள். சிவப்பும் பச்சையும் கலந்து வரும் அம்பர் என்றால், பச்சை குறைவாக உள்ள, சிவப்பு பக்கம் சாய்ந்த சாயலைத் தேர்ந்தெடுக்கலாம்.

எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும்?

இந்தத் துறை ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து 2022-இல் ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். மெலனாப்சினுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதைப் பகலொளிக்கு ஈடாக லக்ஸில் சொல்லும் அளவுகோலில் அமைந்தது அது. கண்ணருகே பகலில் குறைந்தது 250, படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் அதிகபட்சம் 10, தூங்கும்போது அதிகபட்சம் 1 என்றார்கள்.

ஒரு மெழுகுவத்தியை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் கண்ணில் விழுவது கிட்டத்தட்ட 1 லக்ஸ். முழுநிலவு ஒளி அதைவிடக் குறைவு. வழக்கமான வீட்டு அறை இரவில் 100, 200 லக்ஸ் இருக்கும். படுக்கும் முன் அறை வெளிச்சத்தில் இருந்தவர்களையும் மங்கலொளியில் இருந்தவர்களையும் ஒப்பிட்டு 2011-இல் வெளியான ஆய்வில், 200 லக்ஸுக்குக் குறைவான சாதாரண அறை வெளிச்சமே மெலடோனின் தொடங்குவதைத் தள்ளிப்போட்டு, அது சுரக்கும் மொத்த நேரத்தைச் சுமார் 90 நிமிடம் சுருக்கியது.

மேலே பளிச்சென்று விளக்கு எரியும்போது கடிகாரம் சிவப்பாக இருந்து என்ன பயன்?

ஒன்றும் இல்லை. வாங்கியவர்கள் ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்லும்போது பெரும்பாலும் நிலவரம் இதுதான். மூலையில் கடிகாரம் கடமையாகச் சிவந்துகொண்டிருக்கும், கூரையில் வெள்ளை எல்இடி எரிந்துகொண்டிருக்கும், கையில் ஃபோன் இருக்கும். கண்ணுக்குள் போவது மூன்றின் கூட்டுத்தொகை. அதில் கடிகாரத்தின் பங்கு சொற்பம்.

இதற்கு நல்ல வழி, கடிகாரத்தின் அம்பர் ஒளி தொடங்குவதை மற்ற விளக்குகளை அணைக்கும் நேரமாக வைத்துக்கொள்வது. வீட்டில் ஸ்மார்ட் பல்புகள் இருந்தால் கடிகாரத்தோடு சேர்ந்து அவையும் மங்கும்படி அமைக்கலாம். இல்லையென்றால் எழுந்துபோய் சுவிட்சைத் தட்ட வேண்டியதுதான். தினமும் அதே நேரத்தில், அதே நிறத்தில் அறை மாறுவது ஒரு பழக்கமாகப் படியும். இரவுப் பக்கத்தில் இந்தக் கடிகாரத்தால் கிடைக்கும் உண்மையான நன்மை அந்தப் பழக்கம்தான், அது சின்ன விஷயம் இல்லை.

பகலையும் மறந்துவிடக் கூடாது. மேகமூட்டமான நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். பகலில் நல்ல ஒளி பட்ட உடல், மாலை ஒளியால் அவ்வளவு எளிதில் குழம்புவதில்லை. காலையில் சற்று நேரம் வெளியே நிற்பதற்கு ஈடாக எந்தக் கடிகாரமும் இல்லை.

மூடிய கண்ணுக்குள் ஒளி போகுமா? காலை விடியல் ஒளி எப்படி எழுப்புகிறது?

போகும், கொஞ்சம். இமை நீலத்தையும் பச்சையையும் பெரும்பாலும் தடுத்துவிடும், சிவப்பை ஓரளவு விடும். சூரியனை நோக்கிக் கண்ணை மூடினால் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். விடியற்காலைத் தூக்கம் மேலோட்டமாகவும் விட்டுவிட்டும் இருக்கும். அந்த நேரத்தில் மெல்ல ஏறும் ஒளி தூக்கத்தை இன்னும் இலேசாக்குகிறது. திடீர் மணியோசையில் பதறி எழுவதைவிட, எழுந்ததும் இருக்கும் தூக்கக் கலக்கம் குறைவதாக விடியல் ஒளி பற்றிய ஆய்வுகள் பலவும் காட்டியிருக்கின்றன. இன்னும் இருட்டாக இருக்கும்போதே எழ வேண்டியவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

ஆழ்ந்து தூங்குபவர்கள் ஒளியை மட்டும் நம்ப வேண்டாம். கடைசியில் ஒலியும் வரும்படி வையுங்கள். தலையைப் போர்த்திக்கொண்டு தூங்கும் பழக்கம், கண்பட்டி இரண்டில் ஒன்று இருந்தாலும் ஒளி வீண்.

எங்கே, எவ்வளவு தூரத்தில் வைப்பது?

முகத்திலிருந்து 40, 50 சென்டிமீட்டரில், கண் மட்டத்தில் அல்லது சற்று மேலே. தூரம் இரட்டிப்பானால் ஒளி ஏறக்குறைய கால் பங்காகும். 40 சென்டிமீட்டரில் 200 லக்ஸ் தரும் கடிகாரம், 80 சென்டிமீட்டரில் சுமார் 50தான் தரும். பெட்டிமேல் எழுதியிருக்கும் லக்ஸ் எண்ணை எந்தத் தூரத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள். தூரம் சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

இரவில் விழித்தால் மணி பார்க்கிறேன், பிறகு தூக்கமே வருவதில்லை. என்ன செய்ய?

எண்களை அணைத்துவிடுங்கள். ‘இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது’ என்ற கணக்கு ஆரம்பித்தால் மனம் விழித்துக்கொள்ளும். அதற்கு நிறத்தோடு சம்பந்தமே இல்லை. நல்ல கடிகாரத்தில் திரையை முழுவதும் அணைக்கும் வசதி இருக்கும். இல்லாவிட்டால் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாம், ஆனால் காலை ஒளி போய்விடும். அதனால் வாங்கும்போதே பாருங்கள்: எண்கள் சிவப்பா, குறைந்தபட்ச வெளிச்சத்தில் இருட்டறையில் எப்படித் தெரிகிறது, தனியாக அணைக்க முடியுமா? நீல எண்கள் கொண்டதை வாங்கவே வேண்டாம்.

கழிவறைக்கு எழுபவர்களுக்கு, தொட்டால் மங்கலான சிவப்பு எரியும் மாடல்கள் மிகவும் உதவும். தடுக்கி விழாமல் நடக்கவும் முடியும், வெள்ளை விளக்கைப் போட்டு முழு விழிப்புக்கு வரவும் வேண்டாம்.

குழந்தைகளுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெரியவர்களுக்குச் சொன்னதைவிட ஒளியில் கண்டிப்பு கூடுதலாக வேண்டும். குழந்தைகளின் கண்வில்லை தெளிவாக இருக்கும், கண்பாவையும் பெரிதாக விரியும். பள்ளி செல்லாத சிறுவர்களை வைத்து அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், படுக்கும் முன் மங்கல் என்று நாம் நினைக்கும் வெளிச்சமே அவர்களின் மெலடோனினைப் பெரிதும் குறைத்தது.

குழந்தைகளுக்கான கடிகாரங்களில் நிறத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. சிவப்பு என்றால் ‘படுக்கையிலேயே இரு’, பச்சை என்றால் ‘இப்போது எழுந்து வரலாம்’. மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு இது நன்றாகப் பிடிபடும். இதை உயிரியல் என்று நினைக்க வேண்டாம், வெறும் அடையாளம்தான். பச்சையை எழும் நேரத்தில் மட்டும் எரியவிடுங்கள், இரவு முழுக்க எரியும் விளக்காக வைக்காதீர்கள். முதல் வாரம், பிள்ளை வழக்கமாக எழும் நேரத்துக்கே பச்சையை வையுங்கள். காத்திருந்தால் பச்சை வரும் என்ற நம்பிக்கை பிறந்த பிறகு, ஐந்து ஐந்து நிமிடமாகத் தள்ளுங்கள். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் தள்ளினால் பிள்ளை கடிகாரத்தையே மதிக்காது.

சிவப்பு–பச்சை நிறக்குருடு ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பிள்ளை இரண்டையும் குழப்பினால் திட்டாதீர்கள். சூரியன், நிலா போன்ற படமும் சேர்ந்து மாறும் மாடலைப் பாருங்கள்.

வயதானவர்களுக்கு?

வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளாகி நீலத்தை வடிகட்டத் தொடங்கும். ஆகவே காலை ஒளி அவர்களுக்குக் கூடுதலாகத் தேவை. இரவில் விழாமல் நடக்கப் போதுமான வெளிச்சம் இருப்பதுதான் முதலில் முக்கியம்.

இரவுப் பணி செய்பவர்களுக்குப் பயன்படுமா?

பயன்படும், ஆனால் கடிகாரம் போட்டுத் தந்த அட்டவணை பயன்படாது. ‘சூரிய உதயத்தோடு எழு’ என்று தானாக அமைந்திருப்பதை அணைத்துவிட்டு, உங்கள் தூக்க நேரத்தைக் கையால் போடுங்கள். பகலில் தூங்குபவருக்கு அறையை இருட்டாக்கும் தடித்த திரைதான் முதல் செலவு, கடிகாரம் அதற்குப் பிறகு.

இணையமோ மின்சாரமோ போனால் அலாரம் அடிக்குமா?

மாடலைப் பொறுத்தது. நம்பி உறங்கும் முன் நீங்களே சோதியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அலாரம் வைத்து, ரவுட்டரை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அடித்தால் அலாரம் கடிகாரத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, கடிகாரத்தின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். நேரமும் அலாரமும் தங்கியிருக்கின்றனவா பாருங்கள். சிலவற்றில் உள்ளே சிறு பேட்டரி இருக்கும். அது பெரும்பாலும் நேரத்தை நினைவில் வைக்க மட்டுமே, விளக்கை எரிக்காது. முக்கியமான பயண நாளில் ஃபோன் அலாரமும் இருக்கட்டும்.

மாதச் சந்தா கட்டினால்தான் திறக்கும் வசதிகள் எவை என்பதையும் முதலிலேயே பாருங்கள். விடியல் ஒளி, நிறம், மங்கல் அளவு மூன்றும் சந்தா இல்லாமல் கிடைக்க வேண்டும். ஒலித் தொகுப்புகளுக்குக் கட்டுவது அவரவர் விருப்பம்.

படுக்கையறையில் மைக், சென்சார் எல்லாம் வைப்பது சரியா?

யோசித்தே வையுங்கள். சில சாதனங்களில் குரல் உதவியாளர் இருக்கும், சிலவற்றில் அசைவையும் மூச்சையும் ரேடார் கொண்டு கவனிக்கும் வசதி இருக்கும். 2021-இல் வந்த கூகுள் நெஸ்ட் ஹப் அப்படிப்பட்டது. ஒளியால் கிடைக்கும் நன்மைக்கு இவை எதுவும் தேவையில்லை. மைக்கைத் துண்டிக்கும் சுவிட்ச் சாதனத்திலேயே இருக்கிறதா, தூக்கத் தரவை அழிக்க வழி உண்டா என்று பாருங்கள். தரவு இருந்தாலும், காலையில் எழுந்ததும் மதிப்பெண் பார்த்து அதைக் கொண்டு நாளைத் தீர்மானிக்கும் பழக்கம் வேண்டாம். நன்றாகத் தூங்கினோமா என்பது உங்களுக்கே தெரியும்.

இதை வாங்கினால் தூக்கமின்மை தீருமா? டாக்டரை எப்போது பார்க்க வேண்டும்?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு இது சிகிச்சை ஆகாது. அதற்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிந்தனை–நடத்தைச் சிகிச்சை. வாரத்தில் மூன்று இரவாவது தூங்க முடியாமல் மூன்று மாதமாகத் தொடர்ந்தால் டாக்டரிடம் போங்கள். உரத்த குறட்டை, மூச்சுத் திணறி விழிப்பது, பகலில் கட்டுப்படுத்த முடியாத தூக்கம் இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், அவற்றை எந்த நிறமும் சரிசெய்யாது.

பருவகால மனச்சோர்வுக்குத் தரும் ஒளிச் சிகிச்சையில் 10,000 லக்ஸ் விளக்கை அரை மணி நேரம் பயன்படுத்துவார்கள். கடிகாரம் தருவது அதற்கு ஈடாகாது. இருமுனை மனநோய், விழித்திரைப் பாதிப்பு, ஒளிக்கூச்சம் தரும் மருந்துகள் இவற்றில் ஏதாவது இருந்தால், பிரகாசமான ஒளியைப் பயன்படுத்தும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இருவர் படுக்கும் அறை. ஒருவர் ஐந்து மணிக்கு எழ வேண்டும், மற்றவர் ஏழு மணிக்கு. சமாளிக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் விட்டுக்கொடுத்து. முன்னால் எழுபவர் பக்கத்தில், அவர் முகத்தை மட்டும் நோக்கும்படி கடிகாரத்தைத் திருப்பி, உச்ச வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். தூரம் கூடக்கூட ஒளி வேகமாகக் குறைவதால் அந்தப் பக்கம் போய்ச் சேர்வது குறைவாகவே இருக்கும். மற்றவருக்கு ஒரு கண்பட்டி வாங்கிக் கொடுங்கள். அலாரம் ஒலியை முதல் சத்தத்திலேயே அணைத்துவிடுங்கள், ஸ்னூஸ் போடாதீர்கள். ஐந்து மணிக்கு எழுபவர் ஸ்னூஸை மூன்று தடவை தட்டினால், ஏழு மணிக்காரரும் மூன்று தடவை விழிக்க வேண்டியிருக்கும்.